'துட்டு' என்ற சொல்லின் பொருளும் வழக்கும் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சொல் விளக்கப் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் அப்பகுதியில் 'துட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அது சென்னையில் பிறந்த கொச்சைச் சொல் என்றும், 'கெட்டது' என்னும் பொருளுள்ள 'துஷ்டம்' என்ற வடசொல்லின் திரிபு என்றும், எழுத்தில் தவிர்க்கத்தக்கது என்றும் எழுதியிருந்தீர்கள். இம்மூன்று கருத்துகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, சென்னைப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இரண்டு ஊர்களின் வாயிலும் இச்சொல்லைக் கேட்டுப் பழகியவன் நான். அந்த உரிமையில் என் மறுப்பைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் 'துஷ்டம்' பற்றிய செய்தியை முடித்துவிடலாம். துஷ்டன் என்ற வடசொல் தமிழில் 'துட்டன்' என்று வரும் என்பது உண்மைதான். பழைய பாடல்களிலும் உரைகளிலும் துட்டர் என்ற வடிவத்தைக் காணலாம். அதற்கும் பணத்தைக் குறிக்கும் துட்டுக்கும் ஓசை ஒற்றுமை ஒன்றைத் தவிர வேறு உறவு இல்லை. பணம் மனிதனைக் கெடுக்கும் என்ற அறவுரையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ பின்னாளில் பொருத்திச் சொன்ன விளக்கம் அது. துட்டு என்பது எண்ணிக்கையோடு வழங்கிய சொல். ஒரு துட்டு, இரண்டு துட்டு, ஆறு துட்டு என்று நம் முன்னோர் கணக்குச் சொன்னார்கள். 'துட்டுக்கு எட்டுச் சட்டி வாங்கிச் சட்டி எட்டுத் துட்டுக்கு விற்பது' என்று பழமொழியும் வழங்கியது. எட்டுச் சட்டிக்கு ஒரு துட்டு முதல் போட்டு, சட்டிக்கு எட்டுத் துட்டு வீதம் அறுபத்து நான்கு துட்டு எடுக்கும் பேராசையை அந்தப் பழமொழி சுட்டுகிறது. தீமையைக் குறிக்கும் ஒரு பண்புச்சொல்லை இப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணி, பெருக்கி, வாங்கி விற்க முடியாது. துட்டு ஒரு நாணயத்தின் பெயராக இருந்தால்தான் இந்தப் பழமொழிக்குப் பொருள் உண்டு.

அந்த நாணயம் எது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை, ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செம்புக்காசு என்பதாகும். 1602-இல் தொடங்கப்பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் கரையில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் வணிகம் செய்தது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அக்கம்பெனி தானே காசும் அடித்தது. நாகப்பட்டினத்தை 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். எஞ்சிய இடங்களும் 1824-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குப் போயின. இவ்வளவு நீண்ட காலம் துணியும் முத்தும் சங்கும் வாங்கி விற்றவர்களின் சில்லறைக் காசின் பெயர் நம் கடற்கரை மக்களின் நாவில் தங்கியதில் வியப்பில்லை.

அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு எளிய பொருள் என்பது தெரியும். விரல் நுனியளவு அகலம்; மூன்று கிராமுக்குச் சற்று ஏறக்குறைய எடை; தேய்ந்து பழுப்பேறிய செம்பு. ஒரு பக்கம் முடிசூடிய கேடயமும், ஹாலந்து மாகாணத்துக் காசாயின் அக்கேடயத்தினுள் ஒரு சிங்கமும் இருக்கும். மறுபக்கம் பெரிய 'வி' எழுத்தின் இரு கால்களிலும் 'ஓ', 'சி' என்ற எழுத்துகள் கோத்திருக்க, அடியில் ஆண்டு பொறித்திருக்கும். டச்சு மொழியில் அக்கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் அவை. (தூத்துக்குடிக்காரன் ஒருவன் அந்த மூன்று எழுத்துகளை ஒன்றாகப் பார்க்கும்போது, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி அதே துறைமுகத்திலிருந்து அந்நியரை எதிர்த்துக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் ஆங்கில முதலெழுத்துகளாகவே முதலில் படிப்பான். அது வரலாறு எங்கள் ஊருக்குச் செய்த நியாயம் என்று நான் கருதுகிறேன்.) இந்தக் கம்பெனி முத்திரையிட்ட டாய்ட் காசுகளை 1726 முதல் தனியாக அடிக்கத் தொடங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. டச்சு நாட்டில் எட்டு டாய்ட் கொடுத்தால் கிடைக்கும் ஸ்டைவர் என்ற நாணயம் ஒன்று, கீழை நாடுகளில் நான்கு டாய்ட்டுக்கே கிடைத்தது. ஒரே செம்புக்குக் கடல் கடந்தால் இரட்டை மதிப்பு என்பதால் கப்பலில் வருபவர்கள் சொந்த நாட்டுச் சில்லறையை மறைத்துக் கொண்டுவந்து ஆதாயம் பார்த்தார்கள். அதைத் தடுக்கவே கீழை நாடுகளுக்கென்று தனி முத்திரை வேண்டியிருந்தது.

டாய்ட் எப்படித் துட்டு ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இலக்கணமே விடை சொல்கிறது. டகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் விதி. வல்லோசையோடு தொடங்கும் பிறமொழிச் சொல்லைத் தமிழ் நாக்கு தகரத்தில் தொடங்கிக்கொள்வதும், இறுதி மெய்யை இரட்டித்து உகரம் சேர்த்து முடிப்பதும் இயல்பு. பிற்காலத்தில் நோட்டு, கோட்டு, ஓட்டு ஆகிய சொற்களை நாம் உருவாக்கிக்கொண்ட முறையும் இதுவே. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'கக்கூசு' என்ற சொல்லும், அலுவலகத்தைக் குறிக்க ஈழத்தமிழர் வழங்கிய 'கந்தோர்' என்ற சொல்லும் இதே வழியில் வந்து தமிழ் உருப் பெற்றவைதாம்.

இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் பணத்தைப் பேச்சுவழக்கில் 'டுயிட்' என்கிறார்கள். அங்கும் அதே டச்சுக் காசுதான் மூலம். அங்கும் அது அலுவல் கடிதத்தில் வராத, கடைத்தெருவிலும் வீட்டிலும் வாழ்கிற சொல். டச்சு ஆட்சி நிலவிய இலங்கையில் சிங்கள மக்களிடம் 'துட்டு' என்ற சொல் சிறு காசின் பெயராக வழங்குகிறது. வங்கக் கடலின் இரு கரைகளிலும், ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த மக்கள், ஒரே ஓசையுள்ள சொல்லை ஒரே பொருளில், ஏறத்தாழ ஒரே மரியாதை நிலையில் வழங்குவதைச் சென்னைக் கொச்சை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இவ்விடத்தில் மறுதரப்பையும் சொல்லவேண்டியது என் கடமை. கன்னடத்தில் பணத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல் 'துட்டு' என்பதன் மெல்லோசை வடிவமே. அங்கே அது கொச்சையே அன்று. 'துட்டே தொட்டப்பா', அதாவது பணமே பெரியப்பா என்பது கன்னட மக்கள் எல்லாரும் அறிந்த பழமொழி. கன்னட உள்நாட்டை ஒல்லாந்தர் ஆண்டதில்லை என்பதால் இச்சொல் திராவிட மொழிகளுக்கே உரியது என்றும், டச்சுப் பெயரோடு உள்ள ஒற்றுமை தற்செயலானது என்றும் வாதிடுவோர் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் புறந்தள்ள மாட்டேன். ஆயினும் காசு ஆட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கடற்கரையில் அடித்த செம்பு சந்தை சந்தையாக உள்நாட்டுக்குப் போகும், பெயரும் உடன் போகும். ஆகவே டச்சு மூலமே வலுவானது என்பது என் எண்ணம். தங்கள் பகுதியில் 'டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கன்னடத்திலும் வழங்குகிறது' என்று எழுதினால் இரு தரப்புக்கும் நேர்மையாக இருக்கும். எந்தத் தரப்பு வென்றாலும் 'துஷ்டம்' தோற்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

துட்டு ஏதோ மங்கலான பொருளில் 'கொஞ்சம் பணம்' என்று மட்டும் வழங்கியது என்று எண்ணுவதும் தவறு. அது கணக்கு வழக்கில் இடம்பெற்ற அலகு. ரூபாய் நம் மாகாணத்தில் நிலைபெறுவதற்கு முன், சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கணக்கில் 10 காசு ஒரு துட்டு, 8 துட்டு 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் ஒரு வராகன் என்னும் பொற்காசு. ஆங்கிலேயர் இதனை 'டூடூ' என்று எழுதினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட செம்புக்காசுக்கும் 'தூதூ' என்றே பெயர். அதன் ஒரு முகத்தில் 'புதுச்சேரி' என்ற ஊர்ப்பெயர் தமிழ் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரோடொருவர் போரிட்ட காலத்திலும், இரு தரப்பாரும் தத்தம் சில்லறைக்கு இங்குள்ள மக்கள் வைத்திருந்த பெயரையே ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அன்றே அச்சொல் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

அக்காலச் செம்புக்காசுகள் எப்படி வந்தன என்பதும் அறியத்தக்கது. சென்னை மாகாணத்துக்கான 10 காசு, 20 காசு நாணயங்களை 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தில் நீராவி எந்திரத்தில் அடித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அவ்வாறு 1808-ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நம்மூர்ச் சந்தைகளில் உப்புக்கும் மிளகாய்க்கும் கைமாறியிருக்க வேண்டிய அந்தத் துட்டுகள் ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1980-களில்தான் மூழ்காளர்களால் வெளியே கொண்டுவரப்பட்டன. இன்று நாணயம் சேகரிப்போரிடம் மிக எளிதாகக் கிடைக்கும் பழைய சென்னை மாகாணக் காசு அதுதான்.

ரூபாய், அணா, பைசாக் கணக்கு வந்த பிறகும் துட்டு மறையவில்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி என்ற கணக்கில், எங்கள் தென்மாவட்டங்களில் நான்கு தம்பிடியை ஒரு துட்டு என்றும், மூன்று துட்டை ஓர் அணா என்றும் எண்ணினார்கள். பழைய கணக்கில் 12 பணம் ஒரு ரூபாய்க்குச் சமம். அதாவது ரூபாய்க்கு 960 காசு. தம்பிடிக்கு 5 காசு. நான்கு தம்பிடிக்கு 20 காசு. ஆகவே எங்கள் பக்கத்துத் துட்டு கம்பெனியாரின் 20 காசு நாணயத்தோடு மதிப்பில் ஒத்துப்போகிறது. சென்னைக் கணக்கின் துட்டோ அதில் பாதி. வட்டாரத்துக்கு வட்டாரம் படியும் மரக்காலும் வேறுபட்டது போலவே துட்டின் அளவும் வேறுபட்டது.

நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கியதும் எங்கள் ஆச்சி கேட்கும் கேள்வி, "சாளை என்ன துட்டு சொல்லுத தாயி?" என்பதுதான். "ஒம்பது துட்டு ஆச்சி" என்பார் அவர். "ஆறு துட்டுக்குக் கொடு" என்பார் ஆச்சி. பேரம் படிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுப்பவை அணாக் காசுகள். ஆறு துட்டுக்கு இரண்டு அணா, ஒன்பது துட்டுக்கு மூன்று அணா. துட்டு என்று ஒரு நாணயம் அன்றைக்கு அந்த முடிச்சில் இருந்ததே இல்லை. கண்ணால் காணாத அலகில் விலை பேசி, கையில் உள்ள வேறொரு நாணயத்தில் அதைத் தீர்க்கும் அந்த மனக்கணக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அந்த இருவருக்கும் இடையே ஒரு நொடியும் தடுமாறாமல் நடந்தது. இதைக் கொச்சை என்பதா, கணிதம் என்பதா?

1957 ஏப்ரல் 1 அன்று புதிய பைசா நடைமுறைக்கு வந்து ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்றானது. அத்துடன் இந்தக் கணக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தம்பிடி என்ற சொல்லை இன்று 'தம்பிடி பெறாது' என்ற வசையில் மட்டுமே காண்கிறோம். நடுவில் துளையிட்ட காலணா 1940-களில் வெளிவந்ததால் 'ஓட்டைக் காலணா' என்ற தொடர் பிறந்து, அதுவும் இப்போது பெரியவர்கள் வாயோடு நிற்கிறது. துட்டு மட்டும் பிழைத்தது. அதற்கு நான் காணும் காரணம் இது: தம்பிடியும் காலணாவும் மதிப்போடு கட்டுண்ட பெயர்கள்; அணா போனதும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. துட்டோ, அதற்கு வெகுகாலம் முன்பே 'கையிலுள்ள சில்லறை' என்ற பொதுப்பொருளையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதனால் கணக்கிலிருந்து நீங்கிய பின்னும் பேச்சில் அதற்கு இடம் இருந்தது.

அந்தப் பேச்சு வழக்கைத்தான் தங்கள் விளக்கம் மிகவும் குறைத்துச் சொல்லிவிட்டது. 'துட்டு: பணம்' என்று ஒற்றைச் சொல்லால் பொருள் எழுதினால், அகராதி நிறைவுறுமே தவிர வழக்கு விளங்காது. பணம் என்பது எங்கிருந்தாலும் பணம். வங்கியில் இருந்தாலும், நிலத்தில் முடங்கியிருந்தாலும், பிறரிடம் வரவேண்டியிருந்தாலும் பணந்தான். துட்டு கைக்கு எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். நாலு ஏக்கர் நஞ்சையும் சொந்த வீடும் உள்ள விவசாயி, "கையில துட்டு இல்ல" என்று சொன்னால் அதில் பொய் இல்லை. "என்னிடம் பணம் இல்லை" என்று அவர் சொன்னால் ஊர் ஒப்பாது. 'பணக்காரன்' என்பது ஒருவரின் நிலையைக் காட்டும் சொல். 'துட்டுக்காரன்' என்று சொல்லும்போது, கேட்ட நேரத்தில் எடுத்து நீட்டக்கூடியவன் என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது.

எண்ணோடு சேரும்போதும் இச்சொல்லுக்கு ஒரு வரம்பு உண்டு. 'நாலு துட்டு சம்பாதிச்சு ஆளாகணும்' என்போம். அந்த நாலு என்பது நான்கைக் குறிப்பதில்லை, போதுமான அளவு என்ற அடக்கத்தைக் குறிக்கிறது. 'நூறு துட்டு', 'ஆயிரம் துட்டு' என்று யாரும் சொல்வதில்லை. உயர்ந்த தொகைகளுக்கு ரூபாய் வந்துவிடும். பழைய செம்புக்காசின் சிறுமை அச்சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம் இது.

எந்த இடத்தில் இச்சொல் வராது என்பதைக் கவனித்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். கோயிலுக்குக் கொடுப்பது காணிக்கை. திருமண வீட்டில் எழுதுவது மொய்ப்பணம். கடனுக்குக் கட்டுவது வட்டிப்பணம். துட்டு, துட்டு என்று நாள் முழுதும் பேசுகிற ஒருவர்கூட மொய்த்துட்டு என்றோ வட்டித்துட்டு என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. வயதில் மூத்தவரிடமோ முதலாளியிடமோ கேட்கும்போது, "ஐயா, கொஞ்சம் பணம் வேணும்" என்பார், அதே மனிதர் தன் கூட்டாளியிடம், "துட்டு இருக்கா?" என்பார். சென்னையில் அது "துட்டு கீதா?" என்றாகும், எங்கள் ஊரில் "துட்டு இருக்கால?" என்றாகும். எந்தச் சொல்லை எவரிடம், எந்தக் காரியத்துக்கு வழங்குவது என்ற ஒழுங்கு இவ்வளவு நுட்பமாக உள்ள ஒரு வழக்கை ஒழுங்கற்ற பேச்சு என்று ஒதுக்குவது மொழியைக் கவனியாதவர் செய்யும் காரியம்.

இச்சொல்லின் மீது இழிவு படிந்தது எப்படி என்பதையும் நான் யோசித்துப் பார்த்ததுண்டு. அதை வழங்கியவர்கள் மீன் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வண்டி இழுத்தவர்கள். மாத முடிவில் சம்பளம் வாங்கும் வீடுகளில் பணம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்கிச் செலவிடுகிற வீடுகளில் துட்டு தேவைப்பட்டது. படித்தவர்கள் அந்த வீடுகளின் பேச்சைத் தாழ்வாக எண்ணியபோது அச்சொல்லும் சேர்ந்து தாழ்ந்தது. பிற்காலத்தில் கையூட்டைச் சுட்டவும் இதே சொல் வழங்கத் தொடங்கியது. 'துட்டு கொடுத்தாத்தான் காரியம் நடக்கும்' என்று மக்கள் கசப்போடு சொல்லும் இடத்தில் அச்சொல் கெட்டவற்றோடு உறவாடுவதாகத் தோன்றியிருக்கலாம். 'துட்டு வந்து பெட்டியில் விழுந்ததோ, திட்டு வந்து பெட்டியில் விழுந்ததோ' என்ற பழமொழியிலும், பிறர் ஏசும்படி ஈட்டிய வருவாயின் மீதான கண்டனம் இருக்கிறது. அவை பணத்தைப் பற்றிய தீர்ப்புகளே தவிர, அச்சொல்லின் குற்றம் அன்று.

காசு, பணம் என்ற இரண்டும்கூட நாணயப் பெயர்களாகவே தொடங்கியவை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு எண்ணிக் கொடுக்கப்படும் நாணயம். பணம், ஐரோப்பியர் எழுத்தில் 'ஃபனம்' என்று ஆகி, பிரெஞ்சுக்காரரின் வெள்ளிக் காசுக்கும் பெயராயிற்று. இடையில் ஒன்று: ஆங்கிலேயர் ரொக்கத்தைக் குறிக்க வழங்கும் 'கேஷ்' என்ற சொல் நம் காசிலிருந்து வந்தது என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். கீழை நாட்டுச் சிறு செம்புக்காசுகளுக்கு அவர்கள் வைத்த 'கேஷ்' என்ற பெயர் போர்ச்சுக்கீசியர் வழியாகக் காசிலிருந்து போனது. ரொக்கம் என்னும் பொருளுள்ள 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறொரு சொல். தங்கள் பகுதி இதனையும் ஒருநாள் தெளிவுபடுத்தினால் நல்லது. நான் சொல்லவந்தது, ஒரு நாணயத்தின் பெயர் பணம் முழுவதற்கும் பெயராவது தமிழில் மூன்று முறை நடந்திருக்கிறது. முதல் இரண்டும் இலக்கியத்தில் ஏறின, மூன்றாவது மட்டும் தெருவிலேயே நிறுத்தப்பட்டது என்பதே.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சென்ற வாரத்து விளக்கத்தைத் திருத்தி வெளியிட வேண்டும் என்பது முதலாவது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தங்கள் இதழில் உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் நடைபாதை வியாபாரிகளும் பேசியதாக வரும் செய்திகளில், அவர்கள் 'துட்டு' என்று சொன்ன இடங்களிலெல்லாம் 'பணம்' என்றோ 'வருமானம்' என்றோ மாற்றி அச்சிடுகிறார்கள் என்பதை நான் கவனித்து வருகிறேன். "மழை வந்தா துட்டு இல்ல" என்று ஓர் உப்பளத்து அம்மாள் சொல்வதற்கும், "மழைக் காலத்தில் எங்களுக்கு வருமானம் இல்லை" என்று அச்சாவதற்கும் இடையே, அன்றைய உலைக்கு அன்றைய கூலி என்ற அவருடைய நிலைமை காணாமல் போகிறது. செய்தியாளர் தம் சொந்த வாக்கியங்களில் பணம் என்றே எழுதட்டும்; மேற்கோள் குறிக்குள் பேசுகிறவரின் சொல் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அணாக் கணக்கில் கொடுத்து வாங்கியவர்களில் இளையவர்களே இன்று எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். தஞ்சைப் பக்கத்தில் ஒரு துட்டுக்கு எத்தனை தம்பிடி, கொங்கு நாட்டில் எத்தனை, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் எப்படி எண்ணினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. தங்கள் வாசகர்களிடம் இந்தக் கேள்வியை வைத்து, வரும் கடிதங்களை ஊர்ப்பெயரோடும் வட்டாரப் பெயரோடும் வெளியிட்டால் அகராதி செய்வோருக்குப் பயன்படும். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கணக்காக, மூன்று துட்டு ஓர் அணா என்பதை முதல் பதிவாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தூத்துக்குடி.